இலைமேல் கை

முத்துத்தாய் மூன்றாவது முறையாகக் கறிக்குழம்பை ஊற்ற வந்தபோது எல்வுட் துரை தலையை ஆட்டி, "நோப்" என்றார்.

அவள் ஊற்றினாள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, வண்டிப் பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது கள்ளிமேட்டுப்பட்டி. முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், போர் போடும் சாமான்களை இரண்டு மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அந்த அமெரிக்க எஞ்சினியர் வந்து இறங்கினார். பசுமலையில் தங்கியிருந்து, தண்ணீர் இல்லாத ஊர்களாகப் பார்த்துத் துளை போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அன்று ஊர் கூடிக் கிடா வெட்டியது. வேப்பமரத்தடியில் பந்தி. துரைக்குப் பக்கத்து இலையில், அவர் பேச்சைத் தமிழாக்கிச் சொல்ல வந்த மருது உட்கார்ந்திருந்தான். மதுரை டவுன்காரன், பசுமலைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"என்ன தம்பி சொல்றாரு?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

மருது விழித்தான். "தெரியலக்கா. நோப்புங்கிறாரு. எங்க புஸ்தகத்துல அப்படி ஒண்ணு இல்ல."

"கொழம்புக்கு அவுக ஊர்ல அதான் பேரோ என்னமோ" என்று அடுத்த கரண்டியையும் சாய்த்தாள்.

துரை "நா" என்றார். சோறு விழுந்தது. "நோ சர்-ஈ" என்றார். ஈரல் வறுவல் விழுந்தது. "என்னைய சார்ங்கிறாரா, யாரைச் சார்ங்கிறாரு?" என்று மருது குழம்பினான். அவன் படித்த இங்கிலீஷில் மறுப்புக்கு இரண்டே வழி. 'நோ சார்' ஒன்று. 'நோ, தேங்க் யூ' இன்னொன்று. இரண்டும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். துரையின் வாயிலிருந்து வந்தவையெல்லாம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தன.

ஆனால் அவை மறுப்புதான் என்று மருதுவுக்குப் புரிந்திருந்தாலும் பெரிய பிரயோஜனம் இருந்திருக்காது. அந்தப் பக்கத்துப் பந்தியில் வாயால் சொல்லும் 'வேண்டாம்' கணக்கில் சேராது. விருந்தாளி 'போதும்' என்பது மரியாதை. அதைக் காதில் வாங்காமல் பரிமாறுவது பதில் மரியாதை. 'போதும்' என்று கேட்டதும் கரண்டியைத் திருப்பிக் கொண்டுபோனால், எப்போது சொல்வான் என்று காத்திருந்ததாக ஆகிவிடும். அப்படியானால் உண்மையாகவே வயிறு நிறைந்தவன் என்ன செய்வான்? கையை விரித்து இலைமேல் குறுக்கே பிடிப்பான். அதற்கு மேல் யாரும் ஊற்ற முடியாது. வாய் மரியாதைக்கு, கை உண்மைக்கு.

துரை இதைப் பாடமாகக் கற்கவில்லை. ரசம் வருவதைப் பார்த்த பயத்தில், பிள்ளையைக் காப்பாற்றுகிறவர்போல இரண்டு கைகளையும் இலைமேல் கவிழ்த்தார்.

ரசம் அந்தரத்தில் நின்றது. முத்துத்தாய் சட்டென்று அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டாள்.

துரை நிமிர்ந்து பார்த்தார். மெல்லக் கையை எடுத்தார். ரசம் திரும்பி வந்தது. கையை வைத்தார், போனது. எடுத்தார், வந்தது. இயந்திரத்தின் விசையைக் கண்டுபிடித்துவிட்ட மனுஷனின் முகம் அவருக்கு.

"என்ன மாப்ள, தொரை வெளையாடுறாரு?" என்று பந்தியில் யாரோ சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் நோப்புத் துரை.

*

துளை போட இடம் பார்த்தபோது துரை ஊரைச் சுற்றிவிட்டு முத்துத்தாயின் மிளகாய்க் கொல்லையில் வந்து நின்றார். ஊரிலேயே மழைத்தண்ணீர் கடைசியாக வடிகிற பள்ளம் அது. நட்ட நடுவில் துளை போட வேண்டுமென்றார். காய்ப்புக்கு வந்திருந்த செடிகளை அவள் தன் கையாலேயே பிடுங்கி இடம் செய்து கொடுத்தாள்.

அவள் புருஷன் மலையாண்டி, மழை பொய்த்தபிறகு போடி மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டவன். தோட்டத்துக்குச் சரக்குக் கொண்டுபோய் வரும் உக்கிரபாண்டி என்ற வண்டிக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்: "துளையில தண்ணி வந்தா நான் ஊருக்கு வந்துர்றேன். வரலேன்னா நீ மூட்டையக் கட்டிக்கிட்டு இங்க வா. அடுத்த நடைக்கு உக்கிரபாண்டி அண்ணன்கிட்டப் பதில் சொல்லிவிடு."

முத்துத்தாய்க்கு மலை வேண்டாம். அங்கே போய் வந்தவர்கள் அட்டையும் குளிரும் கங்காணியும் பற்றிச் சொன்னது ஒரு பக்கம். தன் நிலத்தை விட்டு அடுத்தவன் செடியில் இலை கிள்ளுவதை நினைக்கவே அவளுக்குக் கை கூசியது என்பது இன்னொரு பக்கம். ஆகையால் துரை சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு வேண்டியிருந்தது.

அதே சொற்களுக்குக் காத்திருந்த இன்னொருவர் நல்லகாமன். ஊரில் நிலபுலன் அதிகமுள்ள பெரிய சம்சாரி. இவள் நிலத்தில் தண்ணீர் இல்லையென்று ஆனால் அடுத்தது அவர் கிணற்றுக்குள் துளை போடுவதாகப் பேச்சு. தினமும் வந்து குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். கெட்டவர் இல்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது.

"என்னத்தா, இன்னும் புழுதிதானா?"

"வரும்ணே. அவசரப்படாதீக."

வேலை நடக்கும் விதம் பார்க்க அழகாக இருக்கும். மூன்று நெடிய மரக்கால்களை முக்காலியாக உச்சியில் சேர்த்துக் கட்டி, அதில் ஒரு கப்பி. கப்பி வழியாக வடம். வடத்தின் முனையில் ஓர் ஆள் கனமுள்ள இரும்பு உளி. ஆட்கள் வடத்தை இழுப்பார்கள், உளி மேலே வரும். விடுவார்கள், தன் கனத்தாலேயே விழுந்து பாறையைக் கொத்தும். ஒவ்வொரு தடவையும் வடத்தை இம்மி திருக்கி விட வேண்டும். இல்லாவிட்டால் உளி ஒரே வாக்கில் விழுந்து, துளை வட்டமாக வராமல் வெறும் கீறலாகிவிடும். பாறைப்பொடியைக் கரைக்க மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். கரைந்த சகதியை அள்ளுவதற்கு ஒரு குழாய். அதன் அடியில் தோலில் செய்த கதவு ஒன்று உண்டு. குழாய் இறங்கும்போது சகதி அதை முட்டித் திறந்துகொண்டு உள்ளே வரும். ஏறும்போது உள்ளே வந்த சகதியின் கனமே அதைச் சாத்திவிடும்.

அப்படி வந்த சகதியைத் துரை உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பார், முகர்வார். சில சமயம் நாக்கில் வைத்தும் பார்ப்பார். பிறகு ஒரு சொல் சொல்வார்.

இல்லை என்பதற்கு இந்த மனுஷனிடம் எத்தனை சொல் இருக்கிறது என்று மருதுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அகராதியில் தேடிப் பயனில்லை. சொன்ன பிறகு துரை என்ன செய்கிறார் என்று பார்த்துத்தான் அர்த்தம் பிடிக்க வேண்டும். முத்துத்தாயும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள் என்பது, ஒருநாள் கஞ்சி நேரத்தில் அவள் கேட்ட கேள்வியில் தெரிந்தது.

"தம்பி, காலையில 'நா'ன்னாரு. ஆனா வேலைய நிறுத்தல. நேத்து உளிய மாத்தவான்னு ஆளு கேட்டப்ப 'நோப்'புன்னாரு. மாத்தவே இல்ல. ரெண்டும் ஒண்ணா?"

மருதுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதத்தாங்க்கா நானும் யோசிக்கேன். ரெண்டையும் சொல்லிப் பாருங்க. மொதல்ல 'நா'."

"நா."

"வாய் தொறந்தே இருக்கா? கதவு ஒருக்களிச்ச மாதிரி. இப்ப நோப்."

"நோப்." அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அட, சாத்திக்கிருச்சு."

"அம்புட்டுத்தான். நாங்க படிச்ச 'நோ'வும் கடைசியில தொறந்துதான் இருக்கும். அவுக அவசரத்துல சொல்லிட்டு வாயச் சட்டுனு மூடியிருக்காக. அதுல ஒரு 'ப்' தானா ஒட்டிக்கிருச்சு போல. பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"கொழாய்க்கு அடியில இருக்க தோலு மாதிரி."

"அதேதான்!"

"இன்னொண்ணு சொல்வாருல்ல, வாயே தொறக்காம? தொண்டைக்குள்ளயே ரெண்டு வெட்டு வெட்டுவாரு."

"அஃ-அ."

"ம். அது எனக்கு மொத நாளே புரிஞ்சிருச்சு. நம்ம 'ம்ஹூம்'தான் அது. புள்ளைக சாப்பிட மாட்டேன்னா அப்படித்தான் சொல்லும்."

மருது கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டான். கடல் தாண்டி இருக்கிற ஊரில் பிறந்தவனும் கள்ளிமேட்டுப்பட்டிப் பிள்ளையும், வாய் நிறைந்திருக்கும்போது மறுப்பதற்கு ஒரே தொண்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதைப் பசுமலையில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"கேட்டா எல்லாம் வேணாம்தான் அக்கா. ஆனா எம்புட்டு வேணாம்னு ஒவ்வொண்ணும் ஒரு அளவு சொல்லுது" என்றான்.

"ரொம்பப் பெரிய வேணாம் எது?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு, 'நாட் ஆன் யுவர் லைஃப்.' ஓ உசுரு மேல ஆணையா மாட்டேங்கிற மாதிரி. அதச் சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்றாரு. நேத்துக்கூட நல்லகாமன் அண்ணே, தொரை ஒரு வாய் கள்ளு குடிக்கிறாரான்னு கேட்டாருல்ல, அதுக்கு."

"இன்னொண்ணு?"

மருது கொஞ்சம் தயங்கினான். "'நத்திங் டூயிங்.' இதுக்கு முந்தி செக்கானூரணிப் பக்கம் ஒரு ஊர்ல துளை போட்டோம். அங்க ஒரே ஒரு தடவை சொன்னாரு. அன்னைக்கே முக்காலியப் பிரிச்சு வண்டியில ஏத்திட்டோம்."

முத்துத்தாய் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து கலயத்தைக் கழுவப் போனாள்.

*

பங்குனி பிறந்து வெயில் ஏறியது. சகதி சாம்பல் நிறத்திலிருந்து கறுப்பாக மாறியது. உளி பாறையில் பட்டு எகிற ஆரம்பித்தது. உசிலம்பட்டிக் கொல்லரிடம் தீட்டி வந்த முனை அரை நாளில் மழுங்கியது. துரையின் 'நா' நின்றுபோய் 'நோப்' மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. பேசாமல் சகதியைத் தட்டிக் கொட்டினார்.

ஒருநாள் உச்சி சாய்ந்தபின், உள்ளே ஊற்றியிருந்த தண்ணீரையும் சகதியையும் முழுக்க அள்ளித் துளையைக் காலி செய்யச் சொன்னார். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வெயிலைப் பிடித்தார். சூரியன் கண்ணாடியில் பட்டுத் திரும்பித் துளைக்குள் இறங்கியது. வட்டமான வெளிச்சம் ஒன்று சுவரைத் தடவிக்கொண்டே அடிவரை போய் நின்றது. எங்கும் பளபளப்பு இல்லை.

துரை கண்ணாடியைக் கீழே வைத்தார். முத்துத்தாயைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டு, கால்சட்டையில் கையைத் துடைத்தபடி சொன்னார்.

"நத்திங் டூயிங்."

மருது தமிழில் சொல்வதற்குள் ஆட்கள் வடத்தைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். நல்லகாமன் குடையை மடக்கினார். "ஏய், மாட்டைப் பூட்டுங்கடா. இருட்டுறதுக்குள்ள நம்ம கெணத்தடிக்குப் போயிரணும்" என்றவர், முத்துத்தாயைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "என்னத்தா செய்யிறது. பாறை அப்படி. மனசுல வச்சுக்காத."

முத்துத்தாய் அவரைத் தாண்டி நடந்தாள். மருதுவிடம் வந்தாள்.

"வாயாலதான சொன்னாரு?"

"ஆமாக்கா."

"கைய வைக்கலையே?"

மருதுவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சங்கடமாகிவிட்டது. "அக்கா, அது பந்தியில. சோத்துக்கு. இது பாறைக்கா."

"எதுவா இருந்தா என்ன? வேணாம்ங்கிறதுக்கு அம்புட்டுச் சொல்லு வச்சிருக்க மனுசன், எத எப்ப மாத்துவாருன்னு நான் எப்படி நம்புறது? இலைமேல வச்ச மாதிரி கைய வச்சுச் சொல்லச் சொல்லு. சரின்னு போயி மூட்டையக் கட்டுறேன். என் செடியப் பிடுங்கிக் குடுத்த எடத்துக்கு அவரு அதாவது செய்யணும்ல?"

"ஏ ஆத்தா, தொரைகிட்டப் போயி எதக் கேக்கிற!" என்றார் நல்லகாமன்.

மருதுவுக்கும் அது தப்பாகத்தான் பட்டது. இங்கிலீஷில் அது மறுப்பு; சொன்னதோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அவன் வேலை சொல்வது. மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத் துரையிடம் சொன்னான்: இந்த அம்மாள் உங்கள் வாயை நம்பவில்லை, அன்று இலைமேல் வைத்ததுபோல் துளைமேல் கை வைத்தால் நம்புகிறாளாம்.

துரை சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மருதுவிடம் கொடுத்தார். துளையின் வாயில் மண் சரியாமல் இருக்க ஓர் இரும்புக் குழாய் இறக்கியிருந்தது; தரைக்கு மேலே ஒரு சாண் தெரியும்; வாய் உள்ளங்கை அகலம். அதன் முன்னால் முட்டி போட்டார். வலது கையை விரித்துக் குழாயின் வாயை மூடினார்.

"சரி" என்றாள் முத்துத்தாய். "வச்சுட்டாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

துரை கையை எடுக்கவில்லை.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துரையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கையைக் கொஞ்சம் தூக்கினார், மறுபடி வைத்தார். பந்தியில் ரசத்தைப் போகவும் வரவும் வைத்த அன்றைய முகம் மெல்லத் திரும்பி வந்தது. மருதுவைக் கூப்பிட்டு அவன் கையைப் பிடித்துக் குழாய்மேல் வைத்தார்.

வெளியே கொதிக்கிற வெயில். உள்ளங்கையில் மட்டும் புதுப்பானைக்குள் கை விட்டதுபோல் குளிர்ச்சி. அது நின்ற குளிர்ச்சியும் இல்லை. மெல்ல முட்டியது.

"காத்து வருது" என்றான் மருது. அவனையறியாமல் தமிழில்தான் சொன்னான்.

துரை எதையோ தேடினார். வேலையாட்கள் கஞ்சிக்கு உரித்த வெங்காயத்தின் சருகு தரையில் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, குழாயின் வாயைத் தன் கையால் சிறு சந்து மட்டும் விட்டு மூடி, சந்தின்மேல் சருகை வைத்தார். சருகு எழுந்தது. துடித்தது. விளிம்பில் புரண்டு கீழே விழுந்தது.

"அக்கா!" என்று மருது கத்தினான். "அக்கா, இங்க வாங்க!"

துரை பேச ஆரம்பித்துவிட்டார். அவர் வேகத்துக்கு ஈடு கொடுத்து மருது சொன்னதைத் தொகுத்தால் இதுதான்: நம் தலைக்கு மேலிருக்கிற காற்றுக்குக் கனம் உண்டு. முற்பகலில் அந்தக் கனம் ஏறும். பொழுது சாயச் சாய இறங்கும். ஏறும்போது பூமியில் திறந்திருக்கிற ஓட்டைகளுக்குள் காற்று புகும், இறங்கும்போது வெளியே வரும். வெறும் பாறையில் குடைந்த துளையில் இருக்கிற காற்று ஒரு பிடி. கைக்குத் தெரியும் அளவுக்கு அதற்கு மூச்சு கிடையாது. இப்படி முட்டுகிறதென்றால் துளைக்கு உள்ளே, பக்கத்தில் எங்கோ, கண்ணாடி வெளிச்சத்துக்கு அகப்படாத வெடிப்பு ஒன்று திறந்திருக்கிறது. உளியின் கடைசிக் கொத்துகளில்தான் திறந்திருக்க வேண்டும். இதுவரை அதைச் சகதி அடைத்திருந்தது. இன்று காலி செய்ததால் மூச்சு விடுகிறது. வெடிப்பு எங்கேயோ தூரம் போகிறது. அது போகிற வழியில், எத்தனையோ மழைக்காலத்துத் தண்ணீர் நமக்கு முன்னாலேயே போயிருக்கும்.

"தண்ணி இருக்குங்கிறாரா?" என்றாள் முத்துத்தாய். மூச்சு வாங்கியது அவளுக்கு.

மருது கேட்டான். துரை தோளைக் குலுக்கினார். "இருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாரு. தேடிப் பாக்குறதுக்குக் காரணம் இருக்குங்கிறாரு."

அவள் குனிந்து தன் கையையும் குழாய்மேல் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

அதற்குள் வண்டிகள் வந்துவிட்டன. மாடுகள் கொல்லை ஓரத்தில் நின்று தலையை ஆட்டின. என்ன நடக்கிறதென்று பிடிபடாமல் நின்ற நல்லகாமன் துரையைப் பார்த்து, முக்காலியைக் காட்டி, வண்டியைக் காட்டி, நேராகத் தமிழிலேயே கேட்டார். "என்ன தொரை? ஏத்தவா?"

துரை குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நோப்."

யாரும் மருதுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுருட்டிய வடத்தை ஆட்கள் தாமாகவே பிரிக்கத் தொடங்கினார்கள். மருதுவுக்குக் குறும்பு வந்தது. "என்னக்கா சொல்றாரு தொரை?"

"காது கேக்கலையா? வாயச் சாத்திப்புட்டாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லகாமன் பக்கம் திரும்பினாள். "மாட்டை அவுத்து விடுங்கண்ணே. பாவம், வெயில்ல நிக்குது."

*

மூச்சு வந்த வெடிப்பைக் கடந்து உளி இறங்கியது. சில நாள் சென்று சகதிக் குழாயின் கனம் திடீரென்று மாறியது. இழுத்தவர்கள் நிறுத்திவிட்டுத் துரையைப் பார்த்தார்கள். வந்தது ஊற்றிய தண்ணீர் இல்லை, ஊற்றாத தண்ணீர். பீறிட்டெல்லாம் வரவில்லை. அள்ள அள்ள ஊறுகிற அளவு. துரை நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரிக்கவில்லை. மிளகாய்க்கும், பத்து வீட்டுக் குடத்துக்கும் போதும் என்றார். நல்லகாமன் வீட்டிலிருந்து வந்த குடம் அதில் முதலாவது.

துரை அடுத்த ஊருக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த சமயம், மலைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு உக்கிரபாண்டி வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"ஏத்தா முத்துத்தாயி, ஓ வீட்டுக்காரன் பதில் கேட்டானே. மூட்டை கட்டியாச்சா? என்ன சொல்லட்டும்?"

அவள் இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது. யோசித்தாள்.

"நோப்புன்னு சொல்லுங்க."

"என்னது?"

"நோப்பு. அப்படியே சொல்லுங்க. என்னன்னு கேப்பாரு. தொரை போறதுக்குள்ள இங்க வந்து கேட்டுக்கிரட்டும்னு சொல்லுங்க."

உக்கிரபாண்டி தாடையைச் சொறிந்தார். "நோ... வா?"

"நோ இல்லண்ணே. அது தொறந்துகிட்டு நிக்கும்." அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். "என் வாயப் பாருங்க. கடைசியில உதடு மூடணும்."

வண்டிக்காரர் இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.